பிராங்க் வீடியோவை முதலில் காதால் கேளுங்கள்: 16 மாத அனுபவம்

2024 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. சிங்கப்பூரின் ஈசூன் பகுதியிலிருந்து என் அக்கா குடும்பம் செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அக்கா மகள் அப்போது தொடக்கநிலை 5, என் மகன் தொடக்கநிலை 3. ஆளுக்கொரு டேப்பை (டேப்லெட்) வைத்துக்கொண்டு இருவரும் மைன்கிராஃப்ட் என்ற கட்டம் அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டில் ஒரே உலகத்தில் விளையாடுவார்கள். வரும்போதெல்லாம் அவள் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பெரிய கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மைன்கிராஃப்டில் கான்கிரீட் பவுடர் என்று ஒன்று உண்டு, 16 நிறங்களில் வரும். நம் கோலமாவு போலவே இருக்கும். அடியில் தாங்கல் போனால் மணல் மாதிரி கீழே விழுந்துவிடும்.

கோலத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டி வரிசையாக டிஎன்டி என்ற வெடிக்கட்டிகளை வைத்திருந்தான் என் மகன். நடுவில் ஒரு மிதிபலகை. அவள் அதன்மேல் கால் வைத்ததும் எல்லாம் வெடித்துக் குழிக்குள் போய்விட்டது. அவன் தன் டேப்பில் அதைப் பதிவும் செய்துகொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "சித்தி, அதைத் திரும்ப கொண்டு வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். முடியவில்லை. மகனைக் கூப்பிட்டுக் கேட்டால், "அம்மா, இது பிராங்க்தானே, அக்கா சிரிக்கணும்" என்றான். அவள் ஏன் சிரிக்கவில்லை என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவன் பார்த்த பிராங்க் வீடியோக்களில், அதாவது ஒருவரை ஏமாற்றிச் சிரிக்கும் குறும்பு வீடியோக்களில், எல்லாரும் கடைசியில் சிரித்திருந்தார்கள்.

அன்று இரவு அவனுடைய யூடியூப் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ் (இதுவும் பிள்ளைகளின் இணைய விளையாட்டுதான்), மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ் என்றே போனது. ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, பார்க்கக் கூசும் எதுவும் இல்லை. நானே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கட்டம் கட்டமான பொம்மைதானே என்று பலமுறை திரும்பிப் போயிருக்கிறேன். விளையாட்டுக்குக் கொடுக்கும் வயது வரம்பை வீடியோவுக்கும் சேர்த்து நம்பிவிட்டேன், அதுதான் நான் செய்த பிழை. சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் திரைப்படங்களுக்கு பிஜி, பிஜி13, என்சி16 என்று வயதுவாரியாகத் தரம் பிரிக்கிறது, வீடியோ விளையாட்டுகளிலும் 16 வயது, 18 வயது என்று குறியீடு உண்டு. ஆனால் அந்த விளையாட்டுக்குள் நின்றுகொண்டு ஒருவர் பேசிப் பதிவேற்றும் வீடியோவுக்கு அப்படி யாரும் முத்திரை குத்துவதில்லை. அதைப் பெற்றோர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எதைப் பார்த்து முடிவு செய்வது? வழி காட்டியவர் என் அம்மா. எங்களோடுதான் இருக்கிறார், ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஒருநாள் மகன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தப் புள்ள நெசமாவே அழுவுதுடி, இவன் என்னத்துக்குச் சிரிக்கிறான்?" என்றார். திரும்பிப் போய்க் கேட்டேன். ஆமாம். திரையில் ஒரு கட்டப் பொம்மை குதித்துக்கொண்டிருந்தது. குரலில் ஒரு சின்னப் பையன் விம்மிக்கொண்டிருந்தான். படத்தில் எதுவுமே தெரியவில்லை, எல்லாம் குரலில்தான் இருந்தது. அம்மாவுக்குச் சொற்கள் புரியாததால் தொனி மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

அன்றிலிருந்து புதிதாக எந்தச் சேனல் வந்தாலும் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு 5 நிமிடம் காதால் கேட்கிறேன். 16 மாதத்தில் நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். செட்டிங் மாற்றியதை எல்லாம் இதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்வேன். குறும்பு செய்கிறவர் எதிராளியை எப்படிக் கூப்பிடுகிறார், மூச்சுக்கு மூச்சு முட்டாள் என்கிறாரா, எதிராளி போதும் என்ற பிறகும் தொடர்கிறதா, இதெல்லாம் படத்தோடு பார்க்கும்போது நழுவிவிடும். கண்ணை மூடினால் பளிச்சென்று கேட்கும்.

அடுத்தது, வீடியோவின் கடைசி 2 நிமிடம். முன்பகுதி எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிராங்க் என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். உடைத்ததை எதிராளியோடு சேர்ந்து நின்று திரும்பக் கட்டிக் கொடுக்கிறாரா, அல்லது எதிராளி கோபப்பட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு, சப்ஸ்கிரைப் பண்ணுங்கள் என்று முடிக்கிறாரா? இந்த ஒன்றை வைத்தே எங்கள் வீட்டில் பாதிச் சேனல்கள் போய்விட்டன. ஷார்ட்ஸ் என்ற யூடியூபின் குறு வீடியோக்களை நான் கூடுதலாகக் கண்டிப்பதும் இதனால்தான். 2024 அக்டோபரிலிருந்து அவை 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும், பெரும்பாலும் வெடிக்கும் இடத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். மன்னிப்புக் கேட்கும் இடம் குழந்தையின் கண்ணுக்கு வருவதே இல்லை.

மகனோடு சேர்ந்து கண்டுபிடித்த ஒன்றும் உண்டு. ஒரு வீடியோவில் ஏமாறுகிறவருடைய திரையும் தெளிவாகப் பதிவாகியிருந்தது, அவருடைய மைக்கும் நல்ல மைக். "அவருக்குத் தெரியாதுன்னா அவர் பக்கத்தை யார் ரெக்கார்ட் பண்ணாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவருக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான். எல்லா நேரமும் அப்படி இருக்க வேண்டியதில்லை, நேரலையில் விளையாடுகிறவர்கள் எப்போதும்தான் பதிவு செய்வார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதில் இருவரும் பேசிவைத்து நடித்திருக்கலாம், அக்காவிடம் யாரும் பேசிவைக்கவில்லை என்று பிறகு அவனே சொன்னான். நான் 10 முறை திட்டியதில் வராத தெளிவு அது.

ரோப்ளாக்ஸில் தனியாகக் கவனிக்க வேண்டிய வகை ஒன்று இருக்கிறது. இலவச ரோபக்ஸ் தருகிறேன் என்று ஒருவரை நம்பவைத்து, அவர் பொருளை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டுச் சிரிப்பது. ரோபக்ஸ் என்பது ரோப்ளாக்ஸுக்குள் செல்லும் பணம், நிஜக் காசு கொடுத்து வாங்குவது. இலவசமாக ரோபக்ஸ் தரும் தளம் என்று எதுவும் கிடையாது என ரோப்ளாக்ஸ் நிறுவனமே எச்சரிக்கிறது. இந்த வகையில் நான் பேரம் பேசுவதே இல்லை. ஏமாற்றுவதைப் பார்த்து ரசிக்கிற பிள்ளை, ஏமாறவும் வழி கற்றுக்கொள்கிறது என்பது என் கருத்து.

இனி செட்டிங் பற்றி. முதலில் குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். அதில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவு உண்டு. நாமே தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். என் 5 வயது மகளுக்கு அது இன்றுவரை நன்றாகப் போகிறது. மகன் 3 வாரத்தில், பாப்பா ஆப் என்று ஒதுக்கிவிட்டான். அவனுக்கு யூடியூபின் பெற்றோர் மேற்பார்வைக் கணக்குக்கு மாறினோம். 2021-ல் வந்த வசதி அது. 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், கிட்டத்தட்ட எல்லாமே என்று மூன்று நிலை. நாங்கள் முதல் நிலையிலேயே வைத்திருக்கிறோம். அவனால் கருத்து எழுத முடியாது, வேண்டாத சேனலை நான் தடுக்கலாம். அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயை அணைத்தது சின்ன வேலைதான், ஆனால் ஒரு வீடியோ முடிந்ததும் அவனே நிறுத்திவிட்டு எழுவதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஓட்டைகளும் இருந்தன. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் என் கணவருடைய கணக்கு திறந்தே கிடந்தது. 4 மாதம் எங்கள் கண்ணில் படவில்லை. டேப்பில் தடுத்த சேனலை அவன் சாவகாசமாக அதில் பார்த்திருக்கிறான். மாணவர் பராமரிப்பு நிலையத்தில் நண்பனின் கைப்பேசியில் பார்ப்பதை என்னால் தடுக்க முடியாது. அதற்குத்தான் காதால் கேட்கும் பழக்கத்தை அவனுக்கே சொல்லிக் கொடுத்தது.

யூடியூபின் விதிகள் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 2019 ஜனவரியில் அபாயகரமான பிராங்க் வீடியோக்கள் பற்றிய விதியை அவர்கள் தெளிவாக்கினார்கள். உண்மையான ஆபத்து என்று ஒருவரை நம்பவைப்பது, குழந்தைகளுக்குக் கடும் மனவேதனை தருவது இரண்டுக்கும் அதில் தடை உண்டு. நல்ல விதி. சிங்கப்பூரிலும் 2023 ஜூலையில் இணையப் பாதுகாப்பு நடைமுறைக் கோட்பாடு நடப்புக்கு வந்தது, யூடியூபும் அதற்குள் வருகிறது. ஆனால் ஒரு கோலத்தை வெடிவைத்துத் தகர்ப்பதை எந்த விதியும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

என் தோழி ஒருத்தி எல்லாப் பிராங்க் வீடியோவையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். நான் அப்படிச் செய்யவில்லை. நண்பன் வீடு முழுக்கக் கோழிகளை நிரப்பிவைத்துவிட்டு அவன் கதவைத் திறப்பதற்காகக் காத்திருக்கும் வீடியோவைப் பார்த்து நாங்கள் எல்லாருமே வயிறு வலிக்கச் சிரித்தோம். நண்பனும் சிரித்தான், அப்புறம் இருவரும் சேர்ந்துதான் கோழிகளை விரட்டினார்கள். ரகசியக் கதவு செய்ய ரெட்ஸ்டோனை (மைன்கிராஃப்டின் மின்கம்பி மாதிரி) எப்படி இணைப்பது என்று மகன் கற்றுக்கொண்டதும் ஒரு குறும்பு வீடியோவிலிருந்துதான். நேரத்துக்கு மட்டும் கணக்கு உண்டு. 7 முதல் 12 வயதுக்குப் பள்ளி வேலை தவிர்த்து நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் என்று 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வழிகாட்டியது. நாங்கள் பள்ளி நாளில் முக்கால் மணி நேரம் என்று வைத்திருக்கிறோம்.

கோலத்தை மறுபடி போடத் தீபாவளி கழிந்து 5 சனிக்கிழமை ஆனது. அக்கா மகள் சொல்லச் சொல்ல அவன்தான் பவுடர் வைத்தான். இந்த முறை அடியில் கல் பாவிவிட்டு அதன் மேல் போட்டார்கள்.

இப்போது ஒரு சேனலைப் பற்றித்தான் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஆள் நல்லவர், கடைசியில் எப்போதும் சரிசெய்து கொடுக்கிறார், ஆனால் நடுவில் கத்தல் அதிகம். இப்போதைக்கு அது ஞாயிறு காலையில் மட்டும், தொலைக்காட்சியில், அம்மா அடுப்படியில் தோசை சுடும் நேரத்தில்.