ஜிடிஓவா, ஷெவெல்லா: எது அசல் என்று யாரிடம் கேட்பது?

சென்ற ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு கார்களைப் பார்த்தேன். ஒன்று 1970 செவ்ரோலெட் ஷெவெல் எஸ்எஸ் 396 (எஸ்எஸ் என்பது ஷெவெல்லின் வேகமான வகை), மற்றொன்று 1970 பான்டியாக் ஜிடிஓ. இரண்டுமே சிவப்பு. இரண்டும் ஒஹாயோவில், பழைய கார்களை மட்டுமே விற்கும் வெவ்வேறு டீலர்களிடம் நின்றன. கேட்ட விலையிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வாங்கியது ஜிடிஓவை. மனம் முதலில் போனது ஷெவெல்லின் மேல்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டத்தையும் அழகையும் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. அடிப்படை என்ஜினுக்குத் தொழிற்சாலை சொன்ன குதிரைத்திறனும் இரண்டிலும் 350தான். உதிரிபாகத்தில் ஷெவெல் தெளிவாக முந்துகிறது. செவ்ரோலெட் என்ஜினுக்குக் கிடைக்காத பொருளே இல்லை. பான்டியாக் என்ஜின் முற்றிலும் வேறு வார்ப்பு என்பதால் சிலவற்றைத் தேடித்தான் வாங்க வேண்டும். ஷெவெல்லை நான் ஓட்டியது இருபது நிமிடங்கள் மட்டுமே. அதை வைத்து எது ஓட்டச் சுகம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று. டீலர் "இது அசல்" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லை அவருக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் சரிபார்க்க முடியுமா?

ஷெவெல்லில் இருந்து தொடங்குகிறேன். 1966 முதல் 1968 வரை வந்த எஸ்எஸ் 396 தனி மாடல். அதன் வின் எண், அதாவது ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை தரும் அடையாள எண், 138 என்று தொடங்கும். அந்த மூன்று இலக்கம் இருந்தால் கார் எஸ்எஸ்ஸாகப் பிறந்தது. 1969இல் செவ்ரோலெட் அதை வாங்குபவர் கேட்டால் சேர்த்துத் தரும் ஒரு தொகுப்பாக மாற்றிவிட்டது. அதனால் 1970இல் எஸ்எஸ்ஸுக்கும், ஷெவெல்லின் சாதாரண வகையான எட்டு சிலிண்டர் மாலிபு வி8க்கும் எண் ஒன்றே: 136. நான் பார்த்த 1970 காரின் எண் 13637 என்று தொடங்கியது. எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, மாலிபு. அதற்கு மேல் அந்த எண் ஒரு சொல்கூடப் பேசாது. என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலான தீச்சுவரில் அடித்திருக்கும் தகடு பெயின்ட் நிறத்தையும் இருக்கை நிறத்தையும் சொல்லும். எஸ்எஸ்ஸா இல்லையா என்று சொல்லாது.

மிச்சமிருப்பவை காரின் மேல் இருப்பவை. பானெட், கோடுகள், கிரில், வட்ட மீட்டர்கள் வைத்த டாஷ்போர்டு, பன்னிரண்டு போல்ட் பின் ஆக்ஸில். இவை எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. பெரும்பாலானவை இன்று புதிதாகவே கிடைக்கின்றன. நல்ல கைவேலைக்காரர் ஒருவர் மாலிபுவை எஸ்எஸ் ஆக்கினால் மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அசலுக்கும் ஆக்கியதற்கும் இடையே விலை பெருமளவு மாறும். 1970இன் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 என்ஜின் கொண்ட கார் என்றால் அந்த இடைவெளி பல பத்தாயிரம் டாலர்.

டீலர் எனக்கு மூன்று விரல் கனத்தில் ஒரு கோப்பைக் கொடுத்தார். ஜன்னலில் ஒட்டும் விலைச்சீட்டின் மறுபதிப்பு, முந்தைய உரிமையாளர் எழுதிய கடிதம், பழுதுபார்த்தபோது எடுத்த படங்கள், ஒரு பில்ட் ஷீட். பில்ட் ஷீட் என்பது கார் தயாரிப்பு வரிசையில் நகரும்போது தொழிலாளர்கள் பார்த்த தாள். வேலை முடிந்ததும் பெட்ரோல் டேங்கின் மேலோ இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு அடியிலோ விட்டுவிடுவார்கள். அங்கே ஐம்பது ஆண்டு கிடந்த தாள் துரு பட்டு, ஸ்பிரிங்கின் தடம் பதிந்து, மடிப்பில் கிழிந்து இருக்கும். என் கையில் இருந்த தாள் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே பழுப்பு, மடிப்பே இல்லை. அது போலி என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நம்பவும் முடியவில்லை.

பிறகு டார்ச்சோடு என்ஜின் பக்கம் குனிந்தேன். செவ்ரோலெட் வி8இல் என்ஜின் குறியீடும் வின் எண்ணின் ஒரு பகுதியும் வலப்பக்க சிலிண்டர் தலைக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு சமதளத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்தால், தொழிற்சாலை எந்திரம் சீவிய மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும்; எண்கள் அந்தக் கோடுகளின் மேல் அமர்ந்திருக்க வேண்டும். இங்கே எண்கள் இருந்தன, வின்னோடும் பொருந்தின. கோடுகள் இல்லை. தளம் வழுவழுவென்று இருந்தது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். என்ஜினைப் பிரித்து மேல்தளத்தைச் சீவும்போது அந்தப் பொறிப்பும் சேர்ந்தே போய்விடும். வழுவழுப்பு மட்டுமே மோசடிக்குச் சாட்சி ஆகாது. ஆனால் சீவியபின் எண் எப்படி மறுபடி வந்தது? யாரோ அடித்திருக்க வேண்டும். டீலரிடம் ஒன்று கேட்டேன்: "இந்த என்ஜின் இந்தக் காரோடு பிறந்தது என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதித் தருவீர்களா?" விளம்பரத்தில் தடித்த எழுத்தில் இருந்ததைப் பத்திரத்தில் எழுத அவர் தயாராக இல்லை. "எங்களுக்குத் தெரிந்தவரை" என்ற சொற்களைச் சேர்த்தே பேசினார். ஜன்னலில் ஒட்டியிருந்த அரசு விதிப்படியான தாளில் "உள்ளது உள்ளபடி" என்ற கட்டத்தில் குறி இட்டிருந்தது. அப்படி வாங்கினால், பின்னால் சண்டை போட என் கையில் எதுவும் இருக்காது.

இப்போது ஜிடிஓ. 1966 முதல் 1971 வரை ஜிடிஓ தனி மாடல். வின் 242 என்று தொடங்கும். பான்டியாக்கின் சாதாரண காரான லீமான்ஸ் ஒன்றுக்கு ஜிடிஓவின் மூக்கையும் பானெட்டையும் மாட்டலாம், 242ஐ மாட்ட முடியாது. டாஷ்போர்டில் இருக்கும் வின் தகட்டை ஆறு இதழ் பூ போன்ற ரிவெட் பிடித்திருக்கிறதா, அதைச் சுற்றிப் பசையோ கீறலோ உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டை மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

பான்டியாக்கின் என்ஜின் குறியீடு இருக்கும் இடமும் உதவுகிறது. பிளாக்கின் முன்முகத்தில், வலப்பக்கத் தலைக்குக் கீழே இருக்கிறது. மேல்தளத்தைச் சீவினாலும் அது அழியாது.

ஆனால் என்னை ஜிடிஓ பக்கம் இழுத்தது பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ். 1961 முதல் 1986 வரையிலான பான்டியாக் கார்களின் தொழிற்சாலைப் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. வின் எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் முதல் டீலருக்குப் போனபோது போட்ட பில்லின் நகல் வரும். என்ஜின், கியர்பாக்ஸ், நிறம், கூடுதலாகக் கேட்டவை எல்லாம் குறியீடுகளாக அதில் இருக்கும். 1964, 1965, 1972 ஜிடிஓக்களில் வின் உதவாது, அவை லீமான்ஸின் மேல் வந்த தொகுப்புகள். அங்கே இந்தத் தாளே கதி. ஜிடிஓவின் சிறப்பு வகையான, 1970இல் 3,797 மட்டுமே வந்த ஜட்ஜ் என்று யாராவது விற்றால், பில்லில் அதற்கான டபிள்யூடி1 குறியீடு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

டீலர் தரும் நகலை ஏற்காதீர்கள். நீங்களே எழுதி வாங்குங்கள். தாள் அவர் கையைத் தொடாமல் வந்தால்தான் அதற்கு மதிப்பு.

நானும் அப்படியே பில் நகலை எழுதி வாங்கினேன். ஜிடிஓ டீலரின் விளம்பரம் "தொழிற்சாலையிலேயே நான்கு வேக மேனுவல் கியர்" என்றது. பில் வேறு சொன்னது. கார் பிறந்த நிறம் பாலிசேட் கிரீன் என்ற வெளிர் பச்சை. கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக். திரும்பிப் போய் என்ஜினைத் துடைத்துப் பார்த்தேன். ஒய்எஸ் என்று இருந்தது: 350 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்குக்கான குறியீடு. அதன் அருகில் வின்னின் கடைசி இலக்கங்களும் பொருந்தின. ஆக என்ஜின் அசல். கியர்பாக்ஸும் நிறமும் பின்னால் மாறியவை. டீலர் தாளைப் பார்த்ததும் வாதாடவில்லை. விலையைக் குறைத்தார், கியர்பாக்ஸ் மாற்றப்பட்டது என்று பத்திரத்திலும் எழுதிக் கொடுத்தார்.

செவ்ரோலெட்டுக்கு அமெரிக்காவில் இப்படி ஒரு பதிவகம் இல்லை. கார் எந்த டீலருக்கு அனுப்பப்பட்டது என்ற தகவலை, பழைய கார்வெட் கார்களைப் புதுப்பிப்பவர்களின் சங்கமான என்சிஆர்எஸ்ஸிடம் வாங்கலாம்; அதில் என்ஜின் விவரம் வராது. ஷெவெல்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 138 எண் கொண்ட 1966–68 காரைத் தேடுங்கள். அல்லது 454 என்ஜின் கொண்ட 1972 கார்: அந்த ஆண்டு முதல் வின்னின் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லும், 454க்கு அது டபிள்யூ. கனடாவில் விற்கப்பட்ட கார் என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளையிடம் பதிவு இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே கனடா ஷெவெல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

ஃபோர்டுக்கு 1967 முதல், தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. அந்த வகைக் காரை நானே வாங்கிப் பார்த்ததில்லை என்பதால் அதோடு நிறுத்துகிறேன்.

ஜிடிஓவில் நான்கு வேக கியரை அப்படியே விட்டிருக்கிறேன், ஓட்ட நன்றாக இருக்கிறது. பச்சைக்குத் திரும்புவதை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பில் நகல் பத்திரத்தோடு இருக்கிறது. என்றாவது விற்க நேர்ந்தால், வருபவரிடம் அதைக் காட்டுவதற்கு முன் வின் எண்ணைத்தான் கொடுப்பேன். அவரும் தானே ஒரு நகல் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.