நார்த்தாமலையும் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும்

புதுக்கோட்டையில் ஏறியபோது கையில் இருந்தது ஏடிஎம் கொடுத்த ஐந்நூறுதான். நார்த்தாமலைக்கு டிக்கெட் 20 ரூபாய். "சில்லறையா குடுங்க சார்" என்று முகத்தைச் சுளித்த கண்டக்டர், டிக்கெட்டுக்குப் பின்னால் 480 என்று கிறுக்கிக் கொடுத்தார். அட, இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். விலக்கு ரோட்டில் இறங்கும்வரைதான் அது. திருமயத்தில் ஏறிய பெரியவர் ஒருவருக்குக் கண்டக்டர் 20 ரூபாய் பாக்கி. அதே ஐந்நூறை என் கையில் திணித்து, "ரெண்டு பேரும் மாத்திக்குங்க" என்று விசிலடித்துவிட்டார்.

டொரண்டோவில் பஸ் டிரைவர் மிச்சமே தரமாட்டார். பெட்டியில் போட்டது போட்டதுதான். அநியாயம் என்று புலம்பியிருக்கிறேன். ஆனால் அங்கே யாரும் என்னை முன்பின் தெரியாதவரோடு கூட்டுச் சேர்த்து இறக்கிவிட்டதில்லை.

டீக்கடையில் "ஜிபே இல்லையா?" என்றார்கள். என் இந்திய சிம் எப்போதோ செத்துவிட்டது. முன்பு கார்டை நீட்டினால் சிரிப்பார்கள், இப்போது நோட்டை நீட்டினால் முறைக்கிறார்கள். பெட்டிக்கடையிலும் அதே கதை. "இருபது ரூபாதானே, போங்க தம்பி" என்பார் பெரியவர் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஊருக்குள் போய்ப் பார்க்கலாம் என்று கூடவே நடந்தார். நியாயம்தான், அவர் காசு.

எனக்கோ வெயில் போய்க்கொண்டிருந்தது. விஜயாலய சோழீசுவரம் மேற்குப் பார்த்த கோயில், சாயங்கால வெளிச்சம்தான் அதற்கு அழகு. அதுவும் ஐப்பசி மழை கழுவிவிட்ட பாறை! டொரண்டோவில் இந்நேரம் மேப்பிள் இலைக்காக ஊரே கேமராவும் கையுமாக அலையும்.

கடைசியில் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்ற அம்மாதான் சுருக்குப்பையை அவிழ்த்தார். கசங்கிய பத்தும் இருபதுமாக, ஈர விரலால் இரண்டு தடவை எண்ணினார். பெரியவர் தன் இருபதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கிழிசல் என்று வேறு மாற்றிக்கொண்டார்.

அப்புறம் ஓட்டமும் நடையுமாக, சோழீசுவரம் இருக்கும் மேலமலை. பெயரில் சோழன் இருந்தாலும் கோயிலை எடுப்பித்தவர் முத்தரையர் என்ற சிற்றரசர் குலத்துச் சாத்தன் பூதி. மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்கிறது கல்வெட்டு. விமானத்தின் மேல்பாதியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. துவாரபாலகர்கள் நிழலுக்குள் போயாயிற்று. எதிரே குடைவரையில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு விஷ்ணுக்களை எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இருட்டு.