லூர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 'அலுமினியம் ஃபொயில்' என்ற பெயரில் வருவது பிளாஸ்டிக் தாள்

திருகோணமலையில் ஒருவர், கையால் செய்த மர லூர் (மீனைக் கவர எறிகிற, மீன் வடிவப் பொய் இரை) என்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்கிறார். "அசல் அலுமினியம் ஃபொயில், இரண்டு கோட் எபொக்சி, மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி" என்பது விளம்பரம். முழுக் காசையும் முதலிலேயே வங்கியில் போட வேண்டும். எங்கள் தூண்டில் கூட்டத்துக்கு அவரிடம் ஆறு லூர் எடுத்தோம். ஃபொயில் தாளும் எபொக்சிப் போத்தல்களும் (இரண்டு திரவத்தைக் கலந்து பூச இறுகிவிடும் மேற்பூச்சு) அடங்கிய கிட் ஒன்றையும் சேர்த்தே எடுத்தோம். சொன்ன மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. அவரிடமோ அவரைப் போல விற்கிற வேறு யாரிடமோ ஓடர் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

கைக்கு வந்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கமெல்லாம் சூடை மீன் போல மினுங்கியது, முதுகில் கரும்பச்சை, கண்ணும் வடிவாக இருந்தது. உப்புத்தண்ணீரில் இறங்கிய பிறகுதான் சாயம் வெளுத்தது. உட்துறைமுகத்திலும் கொட்டியாரக்குடாப் பக்கமும் பாரை, சீலா மீன்களுக்கு எறிந்து, நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைத்தோம். அப்படியிருந்தும் வயிற்றில் கொக்கி மாட்டுகிற வளையத்தைச் சுற்றி வெள்ளி நிறம் கரைந்துபோய், அந்த இடத்தில் மரத்தின் நிறம் அப்படியே தெரிந்தது. அடுத்ததாக வால் பக்கம் தாள் கிளம்பியது. அது கிளம்பின இடத்தில் எபொக்சி மயிரிழையாக வெடித்தது. அந்த வெடிப்பால் தண்ணீர் இறங்கி மரம் ஊதியது. ஒரு லூரில் கட்டா மீன் ஒன்று இழுத்த இழுப்புக்கு வயிற்று வளையம் கொக்கியோடு கழன்று போய்விட்டது.

ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். கொக்கி வளையங்களைத் தாங்குகிற கம்பி என்று எதுவுமே இல்லை. மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் ஒரு சென்ரிமீற்றர் அளவான திருகு வளையங்கள் மட்டும். மரத்துக்கு சீலர் (துவாரத்தை அடைக்கும் பூச்சு) அடித்த அடையாளமும் இல்லை, சும்மா மரத்தின் மேலேயே தாள் ஒட்டியிருக்கிறது. கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரு பக்கத் தாள் முழுவதும் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. மடித்து நகத்தால் அழுத்தினோம், விட்டதும் விரிந்துவிட்டது. அலுமினியம் அப்படி விரியாது. இது வெள்ளிப்பூச்சுப் பூசிய பொலியெஸ்டர் தாள், பரிசுப்பொதி சுற்றுகிற சாதி.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறோம் என்றால், இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசமில்லாவிட்டாலும் கடலில் நடப்பது முற்றிலும் வேறு. ஏசி குழாய்களுக்கு ஒட்டுகிற அலுமினிய டேப்பில் உலோகமே 30 முதல் 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பு வரும். பூச்சுத் தாளில் உலோகம் ஒரு மைக்ரோனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆவியாக்கிப் படியவைத்த வெறும் படலம் அது. ஊசிமுனையளவு ஓட்டையால் உப்புநீர் உள்ளே போனால் போதும், படலம் கரைந்து கண்ணாடித் தாள்தான் மிஞ்சும். அடுத்த சிக்கல் வளைவு. லூரின் உடம்பு நீளத்துக்கும் வளைகிறது, குறுக்கேயும் வளைகிறது. அலுமினியம் தேய்க்கத் தேய்க்க நீண்டு வளைவோடு படிந்து அப்படியே நிற்கும். பொலியெஸ்டர் எப்போதும் தட்டையாகத் திரும்பப் பார்க்கும். மேலே எத்தனை கோட் எபொக்சி போட்டாலும், அந்த இழுவை உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

பின்லாந்தில் லாரி ரப்பலா 1936இல் தக்கையில் செதுக்கிய முதல் லூருக்குச் சுற்றியது சொக்கலேட் சுற்றிவந்த உலோகத்தாள், மேற்பூச்சு உருக்கிய புகைப்பட நெகட்டிவ். வசதியே இல்லாத காலத்து வேலையிலும் தாள் என்னவோ உலோகம்தான்.

காசு போடுவதற்கு முன் ஒட்டாத தாளின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இழுத்தால் அலுமினியம் கடதாசிபோலக் கிழியும், பொலியெஸ்டர் நீண்டு கையை அறுக்கும். பல்குத்தியால் கோடு போட்டால் அலுமினியத்தில் கோடு அப்படியே பதிந்து நிற்கும். குறட்டில் பிடித்து லைட்டர் காட்டினால் பொலியெஸ்டர் சுருண்டு உருகும். அலுமினிய டேப்பில் பசைதான் கருகும், உலோகம் அப்படியே மிஞ்சும். இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், புகை கூடாது.

முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் விற்பவரிடம் சரியான கேள்வி கேட்கலாம். முள்முருக்கு, பால்சா போன்ற இலேசான மரம் என்றால் 120, 240, 400 இலக்க மண்கடதாசிகளை வரிசையாகப் போட்ட பிறகு மெல்லிய எபொக்சியாலோ சுப்பர் குளூவாலோ மரத்தின் துவாரத்தை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், பெயின்ட் காய ஹெயார் ட்ரையர் பிடிக்கும்போது மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து தாளுக்குக் கீழே குமிழ் விடும். எங்களுக்கு வந்த லூர்களில் முதுகோரமாக இருந்த சின்னச் சின்னப் புடைப்புகளுக்குக் காரணம் இதுதான். அடைத்த உடம்பை மறுபடி 400ஆல் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் பிடிக்க வேண்டும்.

டேப் ஹாட்வெயார் கடையிலும் ஏசி சாமான் விற்கிற இடத்திலும் கிடைக்கும். நூல்வலை வைத்துத் தைத்தது போன்ற சாதி வேண்டாம், வளைவில் படியாது. செதில் வேண்டுமென்றால் பின்கடதாசியை உரிக்காமல் டேப்பை மெல்லிய கம்பிவலையின் மேல் வைத்து ரப்பர் துண்டால் அழுத்தி உருட்ட வேண்டும். அளவெடுக்க, மாஸ்கிங் டேப்பை லூரின் ஒரு பக்கத்தில் ஒட்டி, முதுகுக் கோட்டையும் வயிற்றுக் கோட்டையும் பென்சிலால் வரைந்து, உரித்து மட்டையில் ஒட்டி வெட்டினால் அச்சு தயார். மறுபக்கத்துக்கு அதையே கவிழ்த்து வைக்கலாம்.

ஒட்டுவது நடுப்பக்கத்தில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும். முனை மழுங்கிய மரக்குச்சியால் தேய்க்க வேண்டும். ஓரத்தில் சுருக்கம் எழுகிற இடத்தில் மூன்று நான்கு மில்லிமீற்றர் கீறிவிட்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வைத்தால், முதுகுப் பெயின்டும் வயிற்று வெள்ளையும் அந்த வெட்டை மறைத்துவிடும். மிக முக்கியமானது, கொக்கி வளையம் வெளியே வருகிற இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீற்றர் தாள் இல்லாமல் விட வேண்டும். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளைத் தூளாகக் கிளம்பி மேற்பூச்சைத் தள்ளும். எங்களிடம் வந்த லூர்களில் தாள் வளையத்தோடு ஒட்டியே போயிருந்தது.

பெயின்ட் போடுமுன் தாளின் மேல் தெளிவான லக்கரை இரண்டு தரம் மெல்லியதாகத் தூவ வேண்டும். நேரே போட்டால் அக்ரிலிக் பெயின்ட் அலுமினியத்தில் பிடிக்காது, நகத்தால் சுரண்ட வந்துவிடும்.

எபொக்சி விடயத்தில் நடந்தது இன்னும் மோசம். கிட்டில் வந்த இரண்டு போத்தலிலும் லேபலே கிடையாது. சரிக்குச் சரி கலக்கச் சொன்னார், கலந்தது காயாமல் பிசுபிசுத்தபடி நின்றது. எபொக்சியில் ஒன்றுக்கு ஒன்று கலப்பதும் உண்டு, இரண்டுக்கு ஒன்று கலப்பதும் உண்டு. லேபல் இல்லாமல் அதை அறிய வழியே இல்லை. கேட்டதற்கு "ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ" என்றார், அதாவது இறுக வைக்கிற திரவத்தை. ஃபைபர் படகு ரெசினில் ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும், இங்கே படகு திருத்துகிறவர்களுக்குப் பழகிய கணக்கு அது. எபொக்சிக்கு அது பொருந்தாது. கூடினால் கூடின பங்கு வேலையில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு என்றைக்கும் மெதுமெதுப்பாகவே கிடக்கும்.

நல்ல எபொக்சி என்றாலும் நம் ஊர்க் காலநிலையைப் பார்க்க வேண்டும். வாடை மாதங்களில் ஈரம் கூடினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படை வரும். அதை சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் இரண்டாம் கோட் போட்டால் அது உரிந்து வரும். பெட்டிக்குள் ஒரு பல்பு எரியவிட்டுக் காயவைத்தால் ஈரம் குறையும். கச்சான் காற்று வீசுகிற நாளில் ஈரத் தொல்லை குறைவு, ஆனால் சூட்டுக்குக் கலவை கையிலேயே இறுகிவிடும். ஒரு தடவைக்கு ஐந்து மில்லிக்கு மேல் கலக்க வேண்டாம். வழியாமல் இருக்க, பழைய மைக்ரோவேவ் தட்டைச் சுற்றுகிற மோட்டர் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று போகும், அது போதும். அநேகமானவை வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடுபவை, சிலது குறைந்த வோல்ட்டில் ஓடும், மோட்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்; இணைப்பை மூடிக் கட்டாமல் பாவிக்காதீர்கள்.

படங்களோடு முறையிட்டபோது வந்த பதில்: "அண்ணன், உப்புத்தண்ணியில பாவிச்சா எந்த லூரும் அப்பிடித்தான்." கடலுக்கென்றே விற்ற லூர் அது. அறுத்த லூரின் படத்தை அனுப்பிய பிறகு எங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

யாரிடம் எடுத்தாலும் பெயின்ட் போடுமுன் எடுத்த படம் கேளுங்கள். கம்பி போட்ட உடம்பில், கம்பியை உள்ளே வைக்க அறுத்து மூடிய வெட்டுக்கோடு அதில் தெரியும். காந்தத்தை மட்டும் நம்பி கம்பியைத் தீர்மானிக்க வேண்டாம், வளைத்த துருப்பிடிக்காத கம்பியும் இலேசாகக் காந்தத்துக்கு இழுபடும்.

ஏமாந்தவர்கள் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையோடு கதைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வங்கிச் சீட்டு, விளம்பரத்தின் படம், பழுதான லூர் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

முறைப்பாட்டுக்கு ஒன்றை வைத்துவிட்டு மிச்ச லூர்களைத் தேற்றலாம். தாளை முழுக்க உரித்து, மரத்தை நிழலில் நன்றாகக் காயவிட்டு, திருகு வளையங்களைக் கழற்றி, துளையில் எபொக்சி விட்டு நீளமான துருப்பிடிக்காத வளையத்தைத் திருகுங்கள். சீலர் அடித்து அலுமினிய டேப் ஒட்டினால் சின்னப் பாரைக்குத் தாங்கும். அறுக்குளாவுக்கோ பெரிய பாரைக்கோ அந்த உடம்பை எறிய வேண்டாம், உள்ளே கம்பி இல்லை.