டயர் மாற்றப் போகிறீர்களா? நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

2024 தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் காருக்கு நாலு டயரும் மாற்றினேன். கடைக்காரர் தங்கமான பேச்சு. உட்கார வைத்து டீ வரவழைத்தார். “உங்க வண்டிக்கு 15 இன்ச்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்” என்றார். டயருக்கு எழுநூறு ரூபாய் குறைவு வேறு. நான் டீ குடித்து முடிப்பதற்குள் பையன்கள் மாட்டிவிட்டார்கள்.

அப்புறம் மைலேஜ் கூடியது! லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 18.5 காட்டியது. புது டயரின் மகிமை என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். எங்கள் தெரு வேகத்தடையில் அடிப்பாகம் உரசத் தொடங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

விராலிமலைப் பக்கம் பஞ்சரானபோதுதான் குட்டு உடைந்தது. கம்பெனியில் வந்த ஸ்டெப்னியையும் கழற்றிய டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய பஞ்சர் கடைத் தம்பி, “அண்ணே, இது குட்டையா இருக்கே” என்றான். ஒரு விரல் கனத்துக்கு வித்தியாசம்.

ஸ்டெப்னியில் 185/65 ஆர்15 88எச். புது டயரில் 185/60 ஆர்15 84எச். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். இரண்டும் ஒன்றேதான், அதனால் டயர் ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆர் என்றால் ரேடியல், வேறொன்றுமில்லை. வில்லங்கம் நடுவில் இருக்கும் 65-இல். நானும் அதை மில்லிமீட்டர் என்றே நினைத்திருந்தேன். அது சதவீதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். 60 என்றால் 111. மேலும் கீழுமாக விட்டத்தில் 18 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடுகிறது, சுமார் 3 சதவீதம். சின்னச் சக்கரம் அதிகமாகச் சுற்றும். ஓடாத தூரத்தையும் மீட்டர் கணக்கில் சேர்க்கும். என் மைலேஜ் கூடிய கதை இதுதான்.

சிரித்துவிட்டுப் போகலாம், அந்த 84 மட்டும் இல்லையென்றால். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500. நாலு டயருக்கும் சேர்த்து 240 கிலோ குறைவு. ஐந்து பேரும் பலகாரத் தூக்குகளுமாக அந்த டயரில்தான் ஊருக்குப் போய் வந்திருக்கிறோம்.

இன்னொன்றும் இருந்தது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் தயாரித்த தேதி. பல டயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். எனக்கு நாலிலும் அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தது. அந்தத் தம்பி டார்ச் அடித்துக் காட்டினான்: 3119. 2019-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். ஐந்து வருடம் கிடங்கில் தூங்கிய சரக்கு.

திரும்பப் போய்க் கேட்டேன். பில்லில் “15 இன்ச் டயர் 4” என்று மட்டும் இருந்தது. “நீங்க கேட்டதைத்தானே சார் குடுத்தோம்” என்றார். இந்த முறை டீ வரவில்லை.

வேறு கடையில் நாலையும் மாற்றினேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டிக்கான சரியான அளவு இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்துப் போனேன். மாட்டும் முன் ஒவ்வொரு டயரையும் புரட்டிப் பார்த்து, முழு அளவையும் தேதி எண்ணையும் பில்லில் எழுதச் சொன்னேன். அங்கிருந்த பையன் கேட்டான்: “சார், நீங்க டயர் கம்பெனியா?”