அணைக்கக் கூடாத அடுப்பு: பழைய ஓசிஎக்ஸ்ஓவோடு மூன்று வருடம்

ஈப்போவில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். கழற்றி எடுத்த பழைய 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ, அதாவது கிறிஸ்டலை ஒரு குட்டி அடுப்புக்குள் ஒரே சூட்டில் வைத்து அலைவெண் ஆடாமல் காக்கும் ஆசிலேட்டர், 38 வெள்ளி. "அண்ணே, நீங்க வச்சிருக்கிறது இதுதானே? விலை இறங்கிடுச்சு, வாங்கலாமா?" நான் வாங்கும்போது ஒன்று 95 வெள்ளி. அது போகட்டும். அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை.

முந்தைய நாள் சாயங்காலம் பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங்கில் சரியான இடி. வீட்டு மின்சாரத்தை வெட்டும் ஈஎல்சிபி சுவிட்ச் விழுந்துவிட்டது. நாங்கள் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தோம், திரும்பும்போது இரவு 11 மணி. ஃப்ரிட்ஜில் மீன் கெட்டதா என்று மனைவி ஓட, நான் மேசைக்கு ஓடினேன். 11 மாதமாக விடாமல் எரிந்த அடுப்பு ஜில்லென்று கிடந்தது. மாற்று மின்கலம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, வயிறு வீங்கி. தீபாவளிக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போகும். என்னிடம் இருப்பது ரஷ்யாவின் மோரியோன் எம்வி89ஏ. 12 வோல்ட், சைன் அலை, அடுப்புக்குள் அடுப்பு. ஜிபிஎஸ் மாட்யூல் விநாடிக்கு ஒருமுறை தரும் துடிப்பை ஆசிலோஸ்கோப்பின் ட்ரிகருக்கு, அதாவது எப்போது வரையத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் நுழைவுக்கு, கொடுத்துவிட்டு இதன் அலையைத் திரையில் பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 100 நானோவிநாடி. அது முழுசாக ஒரு அலை தூரம் நகர 100 விநாடி எடுத்தால் பிழை நூறு கோடியில் ஒரு பங்கு. என்னுடையது இடிக்கு முன்னால் அரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. ஜிபிஎஸ் துடிப்பின் நடுக்கத்தில் அலை அங்கேயே நின்று சிலிர்க்கும், நகராது. கையில் கோப்பியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்று ஆறவிட்டிருக்கிறேன். 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை ஒரே இரவில் அரை மணி முன்னால் தள்ளியது, யாரும் சாகவில்லை. நான் இங்கே நானோவிநாடிக்கு அழுகிறேன்.

இனி மின்சாரம். இந்தச் சாமானின் பிரச்சினை முழுவதும் அதில்தான்.

முதல் நாள் '12 வோல்ட் 1 ஆம்பியர்' என்று ஒட்டியிருந்த ஓர் அடாப்டரை மாட்டினேன். சூடேறும்போது அடுப்பு ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். அடாப்டரால் தாங்க முடியாமல் வெளியீட்டை அணைத்துக்கொள்ளும், ஒரு நொடியில் விழிக்கும், மறுபடி அணையும். விக்கல் எடுப்பதுபோல. ஒரு மணி நேரம் கழித்தும் பெட்டி வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. செத்த சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று விற்றவனுக்கு நீளமாகத் திட்டி எழுதினேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

அப்புறம் பழைய லேப்டாப் சார்ஜரின் 19 வோல்ட்டை எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கி வழியாக 12க்கு இறக்கி, பெரிய ஹீட்சிங்க் வைத்து, இடையில் மல்டிமீட்டரை ஆம்பியரில் போட்டேன். இந்தச் சோதனை ஒன்று போதும். ஆரம்பத்தில் நிறைய இழுத்து, சில நிமிடங்களில் மளமளவென்று இறங்கி ஓர் இடத்தில் நின்றால் அடுப்பு நல்லது. என்னுடையது 0.2 ஆம்பியரில் நின்றது. இறங்கவே இல்லையென்றால் உடனே பிடுங்கிவிட வேண்டும், வெப்பக் கட்டுப்பாடு போய்விட்டது. நான் வாங்கிய இரண்டில் ஒன்று அப்படித்தான், கை வைக்க முடியாத சூடு. இப்போது அது காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

எங்கள் தீவில் 1972லேயே ஹெச்பி பாயான் லெப்பாஸில் வந்து இறங்கியது. அந்த நிறுவனத்தின் 10811 என்ற ஓசிஎக்ஸ்ஓவில் ஹீட்டருக்கு 20 முதல் 30 வோல்ட் தனியாக, ஆசிலேட்டருக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். தொல்லை என்று முன்பு சிரித்தேன். என்னுடையதில் ஹீட்டருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே கிரவுண்டு ஊசி. மதியம் அறை சூடானால் ஹீட்டர் கொஞ்சம் குறைவாக இழுக்கும், இரவில் ஏர்கான் போட்டால் கூடுதலாக. பற்றவைக்காமல் கம்பி செருகும் பிரெட்போர்டின் தொளதொளத்த துளையில் அந்த மாற்றம் சில மில்லிவோல்ட் ஆகிவிடும். அலைவெண்ணைத் திருத்தும் பொட்டின் (திருகி மாற்றும் மின்தடை) கிரவுண்டை நான் அதே கம்பியின் மறு முனையில் கட்டியிருந்தேன். விளைவு, ஏர்கான் போட்டால் அலை ஒரு பக்கம், அணைத்தால் மறு பக்கம். இரண்டு மாதம் கிறிஸ்டலைக் குறை சொன்னேன். பொட்டின் கிரவுண்டை ஊசியின் அடியிலேயே பற்ற வைத்தபின் பாதிக்கு மேல் ஓய்ந்தது. மீதி காற்று, அதற்கு ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்து வைத்தேன். டின்னின் மேல் ஒரு பல்லி குடியேறிவிட்டது. அதற்கு வாடகை எச்சம்.

இதெல்லாம் ஒருமுறை செய்தால் தீர்ந்தது. தீராதது ஒன்றுதான்: அணைக்கக் கூடாது. அணைத்துப் போட்டால் கிறிஸ்டல் பழைய இடத்துக்கு அப்படியே திரும்புவதில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பழைய அமைதிக்கு வர நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். கைபேசிக் கோபுரத்தின் கீழ் வருடக்கணக்கில் அணையாமல் ஓடிப் பழகிய சாமான் இது. இதை மழைக்காலப் பினாங்கில் ஒரு தரைவீட்டில் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பதுபோல.

அதற்காக ஆட்டோகேட்டுக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மின்கலம் இரண்டைத் தொடராகக் கட்டினேன். ஒன்றே போதாதா என்றால், அது 12க்குக் கீழே சரியும்போது எல்எம்317க்கு மூச்சு இருக்காது. இரண்டையும் 15 வோல்ட்டுக்கு இறக்கி, அதன்பின் எல்எம்317. ஒரு பகல் ஓர் இரவு தாராளமாகத் தாங்கும், புதிதாக இருக்கும்வரை. இந்தச் சூட்டில் இரண்டு வருடத்தில் வயிறு வீங்கிவிடும். ஜோடி 90 வெள்ளி. 38 வெள்ளி சாமானுக்கு! யானையை மலிவாக விற்கிறவன் தீனிக் கணக்கை எதற்குச் சொல்லப்போகிறான்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. அலைவெண் அளக்கும் கவுண்டரைச் சரிபார்க்கத்தான் வேண்டுமென்றால் அந்த ஜிபிஎஸ் மாட்யூலே உனக்குப் போதும். அணைக்கலாம், போடலாம், தூங்கலாம். இதை அவனுக்கு எழுதி அனுப்பிவிட்டு அந்த விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். ஆறு மிச்சம் இருந்தது. இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று கெட்டிருந்தால் இன்னொன்று இருக்க வேண்டுமே.

மின்கலமும் மாற்றியாயிற்று. நேற்று ஓர் அலை நகர 90 விநாடி. இன்று காலை 140.