பேட்டரி மாற்றினால் வண்டி மாறுமா? வேலூர் வெயிலுக்கு எது சரி?

காருக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு போனவர்கள் கடைக்காரரிடம் வந்து சொல்வது இரண்டு விதம். "வண்டி இப்போ நல்லா இழுக்குதுண்ணே" என்பார் ஒருவர். "இன்னாண்ணே பேட்டரி போட்டீங்க, கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல நின்னா ஆஃப் ஆவுது" என்பார் இன்னொருவர். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதல்வருக்குக் காரணம் பேட்டரி. அடுத்தவருக்குக் காரணம், பெரும்பாலும், பழசைக் கழற்றிய விதம்.

வண்டி ஓடும்போது கரண்ட் கொடுப்பது, இன்ஜின் சுற்றுகிற டைனமோ (ஆல்டர்னேட்டர்). புது பேட்டரியால் இன்ஜினுக்குத் தனியாக பலம் ஏதும் கூடாது. ஆனால் ஒரு செல் ஷார்ட்டான பேட்டரி எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிறையாது. டைனமோ தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கூடுதலாக 40 ஆம்பியர் போனால் 14 வோல்ட்டில் அது 560 வாட். டைனமோவில் வீணாவதையும் சேர்த்தால் இன்ஜின் மேல் ஒரு குதிரைத்திறனுக்கு மேலேயே சுமை. பைபாஸில் அது தெரியாது. ஏசியைப் போட்டுக்கொண்டு காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஊர்ந்து ஏறும் 800 சிசி வண்டியில் நன்றாகத் தெரியும். ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஹெட்லைட் மங்குவது, பவர் ஸ்டீயரிங் கனப்பது, ஜன்னல் கண்ணாடி திணறி ஏறுவது எல்லாம் பலமில்லாத பேட்டரியின் அடையாளங்கள். புதுசு போட்டதும் இவை நின்றால் "நல்லா இழுக்குது" என்று தோன்றத்தான் செய்யும்.

இனி அந்த ஆஃப் ஆகிற வண்டி. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம் சும்மா இருப்பதில்லை. இந்த இன்ஜினுக்கு ஐடிலிங்கில் எவ்வளவு காற்று வேண்டும், பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுவதா குறைப்பதா என்று ஓட ஓடக் கற்றுக்கொள்கிறது. இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்து காற்று போகும் வழி குறுகினால் அதற்கும் ஈடுகட்டி வைத்திருக்கும். டெர்மினலைக் கழற்றினால் பல மாடல்களில் இந்தக் கணக்கு அழிந்துவிடுகிறது. கரி அங்கேயே இருக்கிறது, ஈடுகட்டிய கணக்கு மட்டும் போய்விடுகிறது. ஆர்.பி.எம் ஏறி இறங்கும், கிளட்ச் மிதித்து நின்றால் அணையும். ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும்போது ஒரு உதறல் வரலாம். பேட்டரியில் குறை என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஏசி இல்லாமல் ரேடியேட்டர் ஃபேன் போட்டு அணையும் வரை ஐடிலிங்கில் விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஒரு பத்து நிமிடம். அப்புறம் ஊருக்குள்ளும் பைபாஸிலும் கலந்து ஓட்டினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆகாவிட்டால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் ஒப்பீடு கழற்றும் முறையில். நேரே கழற்றி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. இன்னொரு முறையில், ஜம்ப்பர் கேபிளால் வேறு பேட்டரி ஒன்றை வண்டியின் இரண்டு ஒயர் முனைகளிலும் பிடித்து வைத்துக்கொண்டு மாற்றுவார்கள். நினைவு அழியாது, கடிகாரம்கூட நிற்காது. இதில் பாசிட்டிவ் கிளாம்ப்பில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அது பாடியில் பட்டால் பொறி பறக்கும். ரப்பர் குழாயை அதன்மேல் செருகிவிட்டு வேலை செய்கிற கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தால் நான் இரண்டாவதையே கேட்பேன். த்ராட்டில் பாடியை அப்போதுதான் சுத்தம் செய்திருந்தால் நேரே கழற்றுவதே மேல், பழைய கணக்கு அழியட்டும்.

இனி பேட்டரி வகை. நம் ஊரில் இதை முடிவு செய்வது வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பானெட்டுக்குள் அதைவிடக் கூடுதல். நம் வண்டிகளில் இருக்கும் லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரிக்குப் பொதுவான கணக்கு, 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. குளிர்நாட்டுக்காரர் எழுதிய சிபாரிசு இங்கே அப்படியே செல்லாது.

ஸ்டார்ட் ஸ்டாப் (சிக்னலில் இன்ஜின் தானே அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகிற வசதி) இல்லாத வண்டிக்கு, கம்பெனி சொன்ன அளவில் சாதாரண மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியே போதும். இதில் ஆசிட் தண்ணீராகவே தளும்புகிறது; அதனால் சூட்டை ஓரளவு தாங்கும். மூடி திறக்கிற மாடலாக இருந்தால் தண்ணீர் ஊற்றவும் முடியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு எப்படிக் கெடுத்தது என்பது 1996லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்த செய்தி. அந்த நீரில் இருக்கும் உப்பு, பேட்டரிக்குள் உள்ள ஈயப் பிளேட்டுக்கு விஷம். போர் தண்ணீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

அடுத்த வகையான ஈ.எஃப்.பி (மேம்படுத்திய சாதாரண பேட்டரி) என்பதும் ஆசிட் தளும்புகிற இனம்தான். பாசிட்டிவ் பிளேட்டின் மேல் மெல்லிய பாலியஸ்டர் வலை இருக்கும், அடிக்கடி சார்ஜ் இறங்கி ஏறுவதைத் தாங்கும். சிக்னலில் தானே அணைகிற வண்டிக்குக் குறைந்தது இதுவாவது வேண்டும். விலை குறைவு என்று அங்கே சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரம் களைத்துவிடும், ஸ்டார்ட் ஸ்டாப்பும் வேலை செய்யாமல் போகும். மற்ற வண்டிக்கு ஈ.எஃப்.பி கெடுதல் இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை தினமும் குட்டிக் குட்டி ஓட்டம் ஓட்டுபவர் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம்.

மூன்றாவது வகையான ஏ.ஜி.எம் விலை சாதாரணத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்ணாடி இழைப் பாய் ஆசிட்டை உறிஞ்சி வைத்திருக்கும், சிந்தாது, அதிரடியாகக் கரண்ட் தரும். ஆனால் காய்ந்தால் ஊற்ற வழியில்லை, சூட்டுக்கும் ஆகாது. பல வண்டிகளில் டிக்கியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பெனியே ஏ.ஜி.எம் கொடுத்த வண்டிக்கு ஏ.ஜி.எம்மே போடுங்கள். சில ஐரோப்பிய வண்டிகளில் புதுசு போட்டதை ஸ்கேனரில் பதியவும் வேண்டும், இல்லாவிட்டால் பழசுக்குப் போட்ட கணக்கிலேயே சார்ஜ் ஏறும். மற்றவர்கள் பானெட்டுக்கடியில் ஏ.ஜி.எம் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

35 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்குப் பதில் கொள்ளளவு கூடிய 45 போட்டால் டைனமோவோ செல்ஃப் மோட்டாரோ கெடும் என்பது தவறு. செல்ஃப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். ட்ரேயில் அசையாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துபவருக்கு இது உதவும், பிக்கப்பைக் கூட்டாது. லோக்கலில் பிளேட் மாற்றித் தரும் பேட்டரி பாதி விலைதான். ஏலகிரியின் 14 வளைவுகளில் குடும்பத்தோடு இரவில் ஏறுகிறவருக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

எதை வாங்கினாலும் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதுசு 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே இருந்தால் அலமாரியில் கிடந்த சரக்கு, வேறு கேளுங்கள். மாட்டியபின் வண்டியை ஸ்டார்ட் செய்து மறுபடி அளக்க வேண்டும். சாதாரண டைனமோவாக இருந்தால் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நிற்கும். 15ஐத் தாண்டினால் பழைய பேட்டரியைக் கொன்றது டைனமோவின் ரெகுலேட்டர். அதைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.