பென்டிரைவோடு பன்னிரண்டு வருடம்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ்?

அவிநாசியில் வீட்டிலிருந்தே எம்பிராய்டரி டிசைன் பஞ்சிங் செய்கிறேன். திருப்பூர் யூனிட்காரர்கள் லோகோவையோ பூ டிசைனையோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைத் தையலாக மாற்றி டிஎஸ்டி ஃபைலாகக் கொடுப்பது என் வேலை. ஃபைல் சின்னதுதான், மெயிலிலேயே போய்விடும். ஆனால் யூனிட்டுக்குப் போனதும் அதை மெஷினில் ஏற்ற பென்டிரைவ் வேண்டும். அதே பென்டிரைவ் யூனிட்டின் பழைய கம்ப்யூட்டர், மெஷின், ஜெராக்ஸ் கடை, என் வீடு என்று ஊரெல்லாம் சுற்றி வரும். வைரஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பென்டிரைவ்களால் தெரிந்துகொண்டதுதான்.

2013இல் கோயமுத்தூரில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். விண்டோஸ் 7, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கடையில் இருந்த தம்பி ஒரு இலவச ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தார். கூடவே, நெட் காசு மிச்சமாகும் என்று விண்டோஸ் அப்டேட்டை ஆஃப் செய்துவிட்டார். அப்போது எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

முதல் ஒரு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம்தான் வலது மூலையில் பெட்டிகள் வர ஆரம்பித்தன. முதலில் மாதம் ஒன்று, பிறகு நாளுக்கு இரண்டு. ஒருநாள் மாமா தேங்காய் விலை பார்க்க உட்கார்ந்தார். சிவப்பில் ஒரு பெட்டி எழும்பி, உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை பிரச்சினைகள் இருக்கின்றன, இப்போதே சரிசெய்யுங்கள் என்றது. "அம்மணி, நான் ஒண்ணுமே தொடலீங் கண்ணு, கம்ப்யூட்டருக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து நாள் அந்த நாற்காலிப் பக்கமே வரவில்லை. என்ன பிரச்சினை என்று நான் திறந்து பார்த்தேன். குப்பை ஃபைல்கள் இருக்கின்றன, காசு கட்டினால் நீக்கித் தருகிறோம் என்பதுதான் விஷயம். வைரஸ் ஒன்றுகூட இல்லை. வயதானவரைப் பயமுறுத்திக் காசு கேட்பதை நான் அன்றைக்கும் ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்கவில்லை. அந்த மென்பொருளின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது இலவசமாகக் கிடைத்தவற்றில் பல இப்படித்தான் இருந்தன.

அது காவலாவது ஒழுங்காக இருந்ததா என்றால், 2015இல் அதற்கும் விடை கிடைத்தது. சூலூர்ப் பக்கத்து யூனிட்டிலிருந்து போன்.

"ஏனுங் அம்மணி, பென்டிரைவ்ல டிசைனே இல்லீங்க. எல்லாம் அம்புக்குறி போட்ட ஃபோல்டரா இருக்குதுங்க."

"இல்லீங்ணா, நேத்து நான் போட்டுத்தானுங் குடுத்தேன்."

பென்டிரைவைத் திரும்ப வாங்கி வந்து செருகினேன். ஃபோல்டர்கள் எல்லாம் அதே பெயரில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் குட்டி அம்புக்குறி, ஒவ்வொன்றும் ஒரு கேபி, இரண்டு கேபி. இதைத்தான் ஷார்ட்கட் வைரஸ் என்கிறோம். அது ஃபைலை அழிப்பதில்லை. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை உட்காரவைக்கும். நாம் ஃபோல்டர் என்று நினைத்து டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு ஃபோல்டரும் திறக்கும். திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அன்று கட்டளைத் திரையில் மறைந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவரும் கட்டளையைக் கொடுத்து 140 டிசைன்களையும் மீட்டேன். ஆனால் என் கம்ப்யூட்டரிலும் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. மூலையில் ஆன்டிவைரஸ் பச்சை நிறத்தில் 'பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று காட்டிக்கொண்டிருந்தது. அதன் வைரஸ் பட்டியல் நாலு மாதமாக அப்டேட் ஆகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

2017 மே மாதம் வான்னாகிரை வந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர் வகை அது, விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகப் புகுந்தது. உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகள், ஆலைகள் நின்றன. அதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. மாட்டியவை பெரும்பாலும் அதைப் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். என்னுடையதும் விண்டோஸ் 7, அப்டேட் ஆஃப். அன்றிரவே ஆன் செய்தேன். நாலு வருடப் பாக்கி இறங்கி முடிய மறுநாள் மதியம் ஆயிற்று.

2018இல் விண்டோஸ் 10க்கு மாறினேன், கூடவே வேறொரு இலவச ஆன்டிவைரஸ். இது கொஞ்சம் நாகரிகமானதுதான், சிவப்புப் பெட்டி குறைவு. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு டிக்கை எடுக்க மறந்ததால் பிரவுசரில் தன் தேடுபொறியை ஏற்றிக்கொண்டது. விபிஎன் வாங்கு, கிளீனர் வாங்கு என்பதும் நிற்கவில்லை.

2020 ஜனவரியில் வந்த ஒரு செய்திதான் என் மனதை மாற்றியது. அவாஸ்ட் நிறுவனம் தன்னுடைய ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக, பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை விற்றுவந்தது வெளியே வந்தது. ஜம்ப்ஷாட்டை உடனே மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது, விளம்பரத்துக்காக அப்படி விற்கவும் தடை போட்டது. நான் வைத்திருந்தது அவாஸ்ட் இல்லை, வேறு. இருந்தாலும் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு ஃபைலையும் பார்க்கும் உரிமையை ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கிறோம். என் கம்ப்யூட்டரில் ஏற்றுமதி கம்பெனிகளின் இன்னும் வெளிவராத டிசைன்கள் இருக்கின்றன. இலவசமாகத் தருபவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

அவாஸ்டா, ஏவிஜியா, அவிராவா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். ஏவிஜியை 2016இலேயே அவாஸ்ட் வாங்கிவிட்டது. அவிராவை 2021இல் நார்ட்டன் கம்பெனி வாங்கியது. 2022இல் அவாஸ்டும் நார்ட்டனும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆகிவிட்டன. பெயர்ப்பலகை மூன்று, முதலாளி ஒருவர். அதனால் இந்த மூன்றுக்குள் ஒப்பிட்டு நேரம் போக்குவதில் பெரிய பயன் இல்லை.

சரி, நான் என்ன செய்தேன்? வெளி ஆன்டிவைரஸை நீக்கினேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும், அதைத் தூக்கினால் திரும்ப வேலைக்கு வந்துவிடும். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் காவலுக்கு வைத்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கம்ப்யூட்டர்தான் நொண்டும்.

டிஃபெண்டரைப் பற்றிப் பழைய ஆட்கள் இளப்பமாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 7 காலத்தில் தனியாக இறக்க வேண்டியிருந்த மைக்ரோசாப்டின் ஆன்டிவைரஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் பரிசோதனையில் 2012 வாக்கில் சான்றிதழே பெறாமல் போனது. ஆனால் சில வருடங்களாக அதே ஏவி-டெஸ்டில் டிஃபெண்டர் முன்வரிசையில் நிற்கிறது. 2012இல் கேட்டதை வைத்து இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம்.

ஆறு வருடமாக டிஃபெண்டர் மட்டும்தான். அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கில் முழு ஸ்கேன் ஓடும்போது பஞ்சிங் மென்பொருள் திறக்கவே மூன்று நிமிடம் ஆனது. வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை போனது. இன்னொன்று முக்கியமானது. டிஃபெண்டர் இணையத்தோடு இருக்கும்போது கெட்டி, நெட் இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் குறைகிறது. புதிதாக வரும் ஃபைலைத் தன் கிளவுடில், அதாவது இணையத்தில் இருக்கும் மைக்ரோசாப்டின் சர்வரில், கேட்டுப் பார்த்துத்தான் அது பல முடிவுகளை எடுக்கிறது. யூனிட்டுகளில் நெட்டே இல்லாத கம்ப்யூட்டர் மெஷின் பக்கத்தில் இருக்கும். அதற்கு டிஃபெண்டர் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போல ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, வாரம் ஒருமுறை போன் நெட்டைக் கொடுத்தாவது அப்டேட் செய்யுங்கள் என்பேன்.

உங்களுடையது உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐகார் என்று 68 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி, ஆன்டிவைரஸைச் சோதிக்கவென்றே உருவாக்கியது. அதனால் எந்தக் கெடுதலும் கிடையாது. ஐகார் அமைப்பின் தளத்திலேயே கிடைக்கும். பையனை உட்காரவைத்து நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யச் சொன்னேன். டெஸ்க்டாப்பில் ஐகான் தோன்றியது, "அம்மா, ஒண்ணும் ஆகல" என்று அவன் சொல்லி முடிக்கும்முன் காணாமல் போனது. வலது மூலையில் அறிவிப்பு. ஆன்டிவைரஸ் மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் பஞ்சிங் மென்பொருளின் விலை தலைசுற்ற வைக்கும். அதனால் காசு கட்டாமலே அதை ஓடவைக்கும் கிராக் ஃபைல்கள் கைமாறுகின்றன. கூடவே வரும் குறிப்பில் முதல் வரி, 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' ஈரோட்டில் என்னைப் போலவே பஞ்சிங் செய்யும் தோழி 2019இல் அப்படிச் செய்தாள். மறுநாள் காலையில் அவள் டிசைன் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புதிதாக ஒரு வால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் அது, கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான் அதிகம் பரவியது. அவள் கட்டவில்லை. ஆறு வருட உழைப்பு. கடைசியில் பெருந்துறை, சென்னிமலை, திருப்பூர் என்று யூனிட் யூனிட்டாக ஏறி இறங்கி, அவர்களுடைய பழைய பென்டிரைவ்களில் கிடந்த டிசைன்களைத் திரும்ப வாங்கிச் சேர்த்தாள். பாதிகூடத் தேறவில்லை. அவள் வைத்திருந்தது நல்ல ஆன்டிவைரஸ்தான். அவளே அதை ஆஃப் செய்தபின் அது என்ன செய்யும்?

அவளுக்கு நேர்ந்த பிறகு என் வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. பென்டிரைவைச் செருகியதும் திறப்பதில்லை, ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்துவிட்டுத்தான். ஃபைல் பெயரின் கடைசி எழுத்துக்கள் தெரியும்படி செட்டிங்கை மாற்றியிருக்கிறேன். பர்ச்சேஸ் ஆர்டர் என்று பிடிஎஃப் படத்தோடு மெயிலில் வந்த ஒன்று உண்மையில் இஎக்ஸ்இ, அதாவது திறந்தால் ஓடும் புரோகிராம் என்று கண்டுகொண்டது அதனால்தான். ஞாயிறு இரவு டிசைன் ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, ஒயரைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். கழற்றாமல் விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

யாருக்காவது ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்டதென்றால், டிஃபெண்டரிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கிறது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்முன் தேடும். கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் மால்வேர்பைட்ஸின் இலவச வடிவம் நல்லது. சோதனைக் காலம் முடிந்ததும் அது நாம் கூப்பிட்டால் மட்டும் வரும், டிஃபெண்டரோடு சண்டை இல்லை. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறார்கள். பணமே போய்விட்டதென்றால் ஸ்கேனில் நேரத்தைக் கழிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.

இப்போது எனக்கிருக்கும் கவலை விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 வரை வரும் என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு "அப்ப ஒண்ணும் பயமில்லீங்க" என்று யூனிட்டில் ஒரு அண்ணன் சொன்னார். பட்டியல் வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைப்பது வேறு. 2017இல் வான்னாகிரை புகுந்தது ஓட்டை வழியாக. அவரிடம் அதை விளக்கி, மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து கூடுதல் ஒரு வருட அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொடுத்தேன், என்னுடையதற்கும் செய்தேன். அது 2026 அக்டோபர் வரை தாங்கும். 2013இன் பிராசசர் விண்டோஸ் 11க்கு ஒத்துவராது. அதனால் தீபாவளி ஆர்டர்கள் குவிவதற்குள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும், சீட்டுப் பணம் ஆடியில் வருகிறது.